கூண்டு ஏற்றியவனிடம் சில கேள்விகள்

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி இறக்கியே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் முதுநகர் டீக்கடையில் விடுவதில்லை. "துறைமுகத்துல தீவிரவாதி பூந்துட்டா?" என்பதில் ஆரம்பித்து சுனாமி வரைக்கும் கேள்விகள். சிலவற்றுக்கு இங்கே மொத்தமாகப் பதில்.

அண்ணே, கடலுக்குப் போறப்ப அடையாள அட்டை எங்க, படகு நம்பர் எங்கன்னு கேக்குறாங்க. பெரிய கப்பலை விட்டுட்டு எங்களை எதுக்குக் குடையுறாங்க? (ஃபைபர் படகுக்காரர், தேவனாம்பட்டினம்)

பெரிய கப்பலை விடவில்லை தம்பி. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த பிறகு உலகம் முழுக்க ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2004 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. வெளிநாடு போகும் 500 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலில் பாதுகாப்புக்கென்றே ஓர் அதிகாரி இருக்க வேண்டும், துறைமுகத்திலும் ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் கப்பல் எங்கே போகிறது என்பதைக் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் படகு அந்தக் கணக்குக்குள் வராது. கெட்டவன் நுழையச் சந்து கிடைப்பது அங்கேதான்.

2008 நவம்பர் 26-ல் மும்பைக்கு வந்த பத்துப் பேரும் துறைமுக வாசல் வழியாக வரவில்லை. 'குபேர்' என்ற நம் நாட்டு மீன்பிடிப் படகை நடுக்கடலில் பிடித்து, அதை ஓட்டி வந்தவரையும் கொன்றுவிட்டு, கடைசியில் காற்றடைத்த ரப்பர் படகில் மீனவர் குடியிருப்பு ஓரமாக இறங்கினார்கள். யாரென்று கேட்ட மீனவ மக்களை அதட்டிவிட்டுப் போனார்கள். அவர்களை முதலில் பார்த்தது ரேடார் இல்லை, நம்மைப் போன்ற கடற்கரைச் சனம்தான். அதனால் அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள். புது முகம், தெரியாத படகு கண்ணில் பட்டால் 1093-க்கு அடியுங்கள், கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் எடுக்கும். படகு கவிழ்ந்தது, ஆள் காணவில்லை என்றால் 1554, கடலோரக் காவல்படை.

அட்டை கேட்கிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகக் கேட்கலாம் என்பதும் என் கருத்து. மிரட்டப்பட்டவன் தகவல் சொல்ல வரமாட்டான்.

சார், பெய்ரூட்ல வெடிச்ச மாதிரி நம்ம பக்கம் வெடிக்குமா? சிப்காட் ரசாயன ஆலைகள் எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில். (ஆசிரியை, குடிகாடு)

இத்தனை கேள்வியிலும் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது இதுதான் அம்மா.

லெபனான் நாட்டு பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். உரத்துக்கும் ஆகும், பாறை வெடிக்கவும் ஆகும். ஒரு பழைய கப்பலிலிருந்து இறக்கி, கேட்பாரில்லாமல் ஏறக்குறைய ஆறு வருஷம் கிட்டங்கியில் கிடந்தது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் செய்தி வந்த அதே வாரம் நம் சென்னையிலும் ஓட்டம்தான். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே சரக்கு மணலி கன்டெய்னர் கிடங்கில் இருந்தது. அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

இன்னும் பின்னால் போனால், 1944 ஏப்ரல் 14, பம்பாய் துறைமுகம். 'ஃபோர்ட் ஸ்டைகீன்' கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே பஞ்சுப் பொதி. பஞ்சையும் வெடியையும் ஒரே கப்பலில் அடுக்க எந்த மகராசன் சம்மதித்தானோ! தீப்பிடித்துக் கப்பலும் போனது, சுற்றியிருந்த நகரமும் போனது.

இந்த மூன்று சங்கதியிலும் தீவிரவாதி யாராவது வந்தானா? சரக்குச் சீட்டைப் படித்துவிட்டு, படித்ததை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். வேலி போடுவது சுலபம். உள்ளே என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக என்று கணக்கு வைப்பதுதான் கஷ்டம்.

உங்கள் பள்ளிக்கு வருகிறேன். அபாய ரசாயனங்களுக்கான 1989-ம் வருஷ விதிகள்படி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்பதற்கும் தனித் திட்டம் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். வாயு கசிந்தால் பிள்ளைகளைக் காற்று வரும் திசைக்குக் குறுக்காகக் கூட்டிப் போக வேண்டும், காற்றுப் போகிற போக்கில் ஓடக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிக் கொடுக்கலாம்.

எல்லா கன்டெய்னரையும் ஸ்கேன் பண்ணா என்ன? (புதுச்சேரி)

அமெரிக்காவே 2007-ல் சட்டம் போட்டுப் பார்த்தது, இன்று வரை முடியவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினால் வரிசை கடலுக்குள் நீளும். எதைத் திறக்கலாம் என்று காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

ஹேக்கர்கள் துறைமுகத்தை நிறுத்த முடியுமா? (கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை)

நிறுத்தியிருக்கிறார்கள். 2017 ஜூன் மாதம் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கிய நச்சு நிரல் மும்பைக்கு எதிரே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் வரை வந்து வேலையை முடக்கியது. மேற்கொண்டு என் பேரனைக் கேளுங்கள்.

8-ம் எண் கூண்டுக்கும் 9-க்கும் என்னங்க வித்தியாசம்? ஒண்ணு கூடினா காத்து கூடுமா? (முதுநகர்)

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 8, 9, 10 மூன்றும் பெரிய அபாயம்தான். 8 என்றால் புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கும். 9 என்றால் வலப்பக்கம். 10 என்றால் தலைக்கு மேலேயே, அல்லது மிக அருகில். புயல் கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது என்று வையுங்கள், அதன் வலப்பக்கம் வடக்கு. நம் பக்கப் புயல் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். அதனால் புயலுக்கு வடக்கே இருக்கும் ஊரில் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு கரைக்குள் வரும். தெற்கே இருந்தால் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். எனக்கு 9-ஐப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும், முகத்துவாரத்து வழியாகத் தண்ணீர் ஏறும்.

சுனாமியப்ப ஏன் யாரும் சொல்லலை? (ஒரு பாட்டி, சோனாங்குப்பம்)

சொல்ல ஆளில்லை ஆத்தா. சுமத்ராவில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஊரைக் காலி செய்திருக்கலாம். ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் திறந்தது 2007-ல். இப்போது சொல்வார்கள். ஆனாலும் கடல் திடீரென்று உள்வாங்கினால் யார் சொல்லவும் காத்திருக்க வேண்டாம், மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

எல்லாம் போன்லயே வருது. இன்னும் எதுக்கு கூண்டு? (அதே டீக்கடை)

2011 டிசம்பர் 30-ல் அடித்த 'தானே' புயலுக்குப் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், நினைவிருக்கிறதா? பண்ருட்டிப் பலாவெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது, போனில் சார்ஜ் ஏது? கூண்டில் 11 என்று ஒரு கடைசி எண் உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, வானம் மோசம் என்று உள்ளூர் அதிகாரி தானே முடிவு செய்து ஏற்றுவது. நனைந்த கயிறு கையை அறுக்க, எத்தனையோ எண் ஏற்றியிருக்கிறேன். 11 மட்டும் ஏற்ற வேண்டி வரவில்லை.