கேத்தல் யார் கையில் இருக்கிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. ஈப்போவில் இருக்கிறோம். என் கணவரின் அப்பா தமிழர், அம்மா கன்டோனீஸ் பேசும் சீனர். மாமனார் தவறி மூன்று வருடமாகிறது. மாமியாருக்கு 78 வயது, எங்களோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்குச் சீனக்கடைக்கு டிம்சம் (கூடைகூடையாக வரும் சின்னச் சின்னப் பண்டங்கள்) சாப்பிடப் போயே ஆகவேண்டும் என்கிறார். மாமனார் இருந்தபோது அவர்கள் இரண்டு பேரும் போய் வருவார்கள், நாங்கள் எப்போதாவது சேர்ந்துகொள்வோம். இப்போது எல்லோரும் வரவேண்டுமாம். ஒரு தடவைக்கு 150 ரிங்கிட் ஆகிறது. நான் பன்றி சாப்பிடுவதில்லை, அதனால் எனக்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை. பிள்ளைகள் (15, 11) தூங்கி வழிந்துகொண்டு கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கணவர் காற்பந்துச் செய்தி படிப்பார். மாமியார் நல்ல மனுஷி, ரசம் என்னைவிட நன்றாக வைப்பார். கடையிலும் எங்களுக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை, எல்லாருக்கும் அவரே டீ ஊற்றிக்கொண்டிருப்பார், அது அவர் பழக்கம். ஆனால் எங்களுக்கு ஓய்வு என்று இருப்பது அந்த ஒரு நாள்தான். மாதம் ஒருமுறை போதும் என்று அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், ஈப்போ

பதில்: தங்கச்சி, மனம் நோகாமல் சொல்ல வார்த்தை கேட்டு எனக்குக் கடிதம் வராத வாரமே கிடையாது. மாமியார், மாமனார், பெற்ற தாய் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. அப்படி ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. இருந்தாலும் உனக்குத் தரமாட்டேன்.

பணத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், தூக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், பன்றியைப் பற்றி எழுதியிருக்கிறாய். நடுவில் போகிற போக்கில் ஒன்று விழுந்திருக்கிறது: "எல்லாருக்கும் அவரே டீ ஊற்றிக்கொண்டிருப்பார், அது அவர் பழக்கம்." அந்த வரியை நான் தாண்டவில்லை.

எந்த ஊர்ப் பழக்கம் அது? இந்தச் சாப்பாட்டுக்குப் போவதை கன்டோனீஸ்காரர்கள் 'யாம் சா' என்பார்கள். டீ குடிப்பது என்று அர்த்தம். மூங்கில் கூடையில் ஆவி பறக்க வருவதெல்லாம் டீக்குத் துணைதான். அதனால் அந்த மேசையில் கேத்தல் யார் கையில் இருக்கிறது என்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சின்னவர் பெரியவருக்கு ஊற்றவேண்டும். மேசையில் மூத்தவருக்கு முதல் கோப்பை, பிறகு மற்றவர்களுக்கு, ஊற்றுகிறவருக்குக் கடைசி. மகனும் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்திருக்க, 78 வயது மனுஷி எழுந்து கேத்தலைத் தூக்குகிறார். அதற்கு நீ வைத்த பெயர் பழக்கம். வேறு யாரும் தூக்காததால் அவர் தூக்குகிறார், அம்மா.

உனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், சரி. தமிழ் வீட்டில் பெரியவர்கள் பரிமாற நாம் சாப்பிட்டே வளர்ந்தவர்கள். உன் கணவருக்குத் தெரியாதா? அந்த மேசையில் உயர நாற்காலி போட்டு உட்கார வைத்து வளர்த்த பிள்ளை அவர். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஊற்றாமல் தன் கோப்பையைத் தொட்டிருந்தால் சின்ன வயதில் கையில் ஒன்று விழுந்திருக்கும். இன்றைக்கு அம்மா ஊற்றுகிறார், மகன் காற்பந்துச் செய்தி படிக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் எழுதியிருந்தால் என் பதில் இன்னும் சூடாக இருந்திருக்கும்.

இன்னொன்று கேட்கிறேன். அவர் ஊற்றும்போது உங்களில் ஒருவராவது மேசையில் விரலைத் தட்டுகிறீர்களா? ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக மடக்கி, கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று தட்டு. நன்றி என்று அர்த்தம். சீனச் சக்கரவர்த்தி சியென்லோங் மாறுவேஷத்தில் ஊர் சுற்றும்போது தன் ஆளுக்கே டீ ஊற்றினாராம். எழுந்து காலில் விழுந்தால் குட்டு உடைந்துவிடும் என்று அந்த ஆள் விரலை மடக்கி மேசையிலேயே மண்டியிட வைத்தானாம். கதைதான், ஆனால் தட்டுவது நிஜம், இன்றைக்கும் எல்லா மேசையிலும் கேட்கும். வாயில் இருக்கும் பண்டத்தை விழுங்க வேண்டாம், பேச்சை நிறுத்த வேண்டாம், கைப்பேசியிலிருந்து கண்ணைக்கூட எடுக்க வேண்டாம். இதைவிடச் சோம்பேறித்தனமாக யாராலும் நன்றி சொல்ல முடியாது. அதுவும் உங்கள் மேசையில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்திருந்தால் நீ எழுதியிருப்பாய்.

'அது அவர் பழக்கம்' என்ற வார்த்தையின்மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பாய். நான் அதை முப்பது வருடம் சொன்னவள். எங்கள் அம்மா எல்லாருக்கும் போட்டுவிட்டு, அடுப்படியில் பலகைமேல் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைப் புரட்டிச் சாப்பிடுவார். விருந்தாளி யாராவது கேட்டால், "அம்மாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்போம். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், என்னைப் பார்த்துப் போக வந்த சின்னம்மா எங்கள் எல்லாருக்கும் போட்டு, அம்மாவையும் பிடித்து உட்கார வைத்து இலை போட்டார். அம்மா அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்போது எனக்கு 34 வயது.

உன் கடிதத்துக்கு வருகிறேன். மாமனார் இருந்தபோது இரண்டு பேரும் போய் வருவார்கள் என்கிறாய். அப்போது டீ ஊற்றியது யார்? இன்று ராத்திரி உன் கணவரிடம் கேள். நான் பந்தயம் கட்டுகிறேன், அந்த மனிதர்தான் ஊற்றியிருப்பார். குறைந்தது, இவர் அவருக்கு, அவர் இவருக்கு. தமிழ் ஆண்பிள்ளை ஒருவர் சீனக்கடையில் உட்கார்ந்து பெண்டாட்டிக்கு டீ ஊற்றியிருந்தால், நாற்பது ஐம்பது வருடம் ஒவ்வொரு ஞாயிறும் எதற்காகப் போனார்கள் என்பது உனக்கே விளங்கும். அவர் போன பிறகுதான் மாமியார் 'போயே ஆகவேண்டும்' என்று பிடிக்கிறார். உனக்கு அது அடம். எனக்கு அப்படிப் படவில்லை. தனக்கு ஒருவர் ஊற்றிக்கொண்டிருந்த மேசையில் இப்போது நான்கு பேருக்கு ஊற்றிக்கொண்டு, யாராவது கை நீட்டுவார்களா என்று பார்க்கிறார். வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

இந்த மனுஷி தமிழ் வீட்டுக்கு வந்து ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். உன்னைவிட நன்றாக வைக்கிறார் என்று நீயே சொல்கிறாய். நீ அவர் வீட்டு வழக்கத்தில் ஒரு கேத்தலைத் தூக்கக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. என் கணக்கில் இது கடன். கலப்புக் குடும்பத்தில் யாராவது ஒரு பக்கம் மட்டும் வளைந்துகொண்டே இருந்தால், வளைகிறவர் சீனரோ தமிழரோ, எனக்குப் பொறுக்காது. உன் பிள்ளைகள் அவரை 'மாமா' என்றுதானே கூப்பிடுகிறார்கள்? கன்டோனீஸில் அப்பாவைப் பெற்றவளுக்கு அதுதான் முறை. தமிழ்ச் சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் பாட்டியைப் போய் மாமா என்கிறதே பிள்ளை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த ஒரு சொல்லையாவது விடாமல் வைத்திருங்கள்.

செலவு என்கிறாய். மாதம் 600 ரிங்கிட் சின்னத் தொகை இல்லை, அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதில் 78 வயது மனுஷி எவ்வளவு சாப்பிடுகிறார்? கன்டோனீஸ்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு, 'யாட் சுங் லியோங் கின்'. ஒரு கோப்பை டீ, இரண்டு பண்டம், அவ்வளவுதான் காலைச் சாப்பாடு. பில்லை எடுத்துப் பார், பொரித்தது எத்தனை தட்டு, மாம்பழப் புட்டிங் எத்தனை என்று எண்ணு. அதெல்லாம் பாட்டி கேட்டு வந்ததாக இருக்காது. ஒரு கேத்தல் டீயும் ஆறு கூடையும் போதும். பசிக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடட்டும்.

பன்றி விஷயம் நியாயம். அதில் உன்னை வற்புறுத்த எனக்கும் அவருக்கும் உரிமை இல்லை. 'ஹார் காவ்' வெறும் இறால் என்று நினைத்து எடுத்துவிடாதே, பல கடைகளில் அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். தாமரை இலையில் கட்டிய கோழிச் சோற்றிலும் சீனச் சாசேஜ் ஒளிந்திருக்கும். கேட்டுச் சாப்பிடு, அல்லது கேட்கும் வேலையை அவரிடம் கொடு, கன்டோனீஸில் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஆவியில் வெந்த கேக் ஒன்று வரும், 'மா லாய் கோ'. மலாய் கேக் என்று அர்த்தம். ஹாங்காங்கில்கூட அந்தப் பெயர்தான். முட்டையும் சர்க்கரையும் மாவும், எதற்கும் கொழுப்புச் சேர்த்திருக்கிறதா என்று அதையும் கேட்டுக்கொள். சூடாக ஒரு துண்டு, கூட 'போ லே' டீ, போதாதா உனக்கு? இரண்டு மணி நேரம் சாப்பிடுவதற்கா அங்கே உட்காருகிறீர்கள்?

அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கே கிளம்பு. ஏழு மணி அவர் பிடிவாதம் என்று நினைக்காதே, உங்கள் ஊரில் டிம்சம் காலைப் பசியாறல், தாமதித்தால் மேசையும் கிடைக்காது, நல்ல கூடையும் கிடைக்காது. பெரிய பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வை. கைப்பேசிகள் நான்கும் உன் கைப்பைக்குள் போகட்டும், கணவருடையதைச் சேர்த்து. கேத்தல் வந்தவுடன் அதைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வை. கைப்பிடி சுடும், மூடியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு ஊற்றச் சொல். முதலில் மாமாவுக்கு. கோப்பைக்குக் காது கிடையாது, விளிம்புவரை நிரப்பினால் தூக்கமுடியாது, முக்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தவேண்டும். கேத்தலை வைக்கும்போது அதன் மூக்கு யாரையும் பார்க்கக்கூடாது. தண்ணீர் தீர்ந்தால் மூடியைச் சாய்த்து வை, சுடுதண்ணீர் தானாக வரும், கத்திக் கூப்பிட வேண்டியதில்லை. பிள்ளை மேசைத்துணியில் சிந்துவான், பரவாயில்லை. உன் கணவர் வாயைத் திறக்காமல் விரலைத் தட்டட்டும், அது அவருக்கு மறந்திருக்காது.

மாமியார் முதல் தடவை கேத்தலைப் பிடுங்கப் பார்ப்பார். விடாதே.

நான்கு ஞாயிறு இப்படிப் போய்விட்டு, அதற்கப்புறமும் மாதம் ஒருமுறை போதும் என்று தோன்றினால் எனக்கு எழுது. ஆனால் அந்தக் கடிதத்தில் உன் கணவரும் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும்.