தெருவிளக்கும் தாசில்தாரும்

கேள்வி: முதல் தலைமுறை வழக்கறிஞர்கள், பட்டியலினத்தவர், பெண்கள் ஆகியோரை மூத்த வழக்கறிஞர்கள் கைதூக்கிவிட்டு நீதிபதி பதவிக்குத் தயார்செய்ய வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். திருவாரூர் முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்துத்தானே நீதிபதி ஆனார்? திறமை இருந்தால் பதவி தானாக வராதா? (ஒரு வழக்கறிஞர், பெயர் வேண்டாம்)

பதில்: பெயர் வேண்டாம் என்பதிலேயே தெரிகிறது, இன்னும் யாரிடமோ ஜூனியராக இருக்கிறீர்கள்.

தெருவிளக்கு! எதைப் பற்றிப் பேசினாலும் யாராவது ஒருவர் இந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். விளக்குதான் நீதிபதியை உருவாக்கும் என்றால், நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் எதற்கு? மாநகராட்சி மின்பிரிவு போதுமே. எல்.இ.டி. போட்ட பிறகு வெளிச்சம் கூடியிருக்கிறது. அந்தக் கணக்கில் வார்டுக்கு ஒரு நீதிபதியாவது இந்நேரம் தேறியிருக்க வேண்டும். விளக்கைச் சுற்றி விடியவிடியப் பாடுபடும் விட்டில் பூச்சிகளுக்கெல்லாம் வக்கீல் சன்னது கொடுத்திருக்க வேண்டும். வங்காளத்தில் வித்யாசாகருக்கும் இதே விளக்குக் கதைதான். பெரிய மனிதர்களை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டுத்தான் வாழ்க்கை வரலாறு எழுத உட்காருவார்கள் போலிருக்கிறது.

சரி, முத்துசாமி ஐயர் கதையை முழுசாகப் பார்ப்போம். தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட்டார். திருவாரூரில் கிராமக் கணக்கு வேலை, சம்பளம் மாதம் ஒரு ரூபாய். அங்கே அவருடைய சூட்டிகையைக் கவனித்து, சென்னையில் படிக்க ஏற்பாடு செய்தவர் முத்துசாமி நாயக்கர் என்ற தாசில்தார். 1877-இல் ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. விளக்கு எல்லோருக்கும் தெரியும், தாசில்தாரை எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் கேள்வியிலேயே அவர் இல்லையே!

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பட்டியலின நீதிபதி ஏ. வரதராஜன், நம் ஊர்க்காரர், 1980-இல் அங்கே பதவியேற்றவர். முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி, 1989. இருவருமே கீழமை நீதிமன்றத்தில் முன்சீப் என்ற நீதிபதியாகத் தொடங்கிக் கீழிருந்து ஏறியவர்கள். கீழமை நீதிமன்றப் பதவிக்கு அறிவிப்பு வரும், விண்ணப்பம் போடலாம், தேர்வு எழுதலாம். வக்கீலாக இருந்து நேரே உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு விண்ணப்பமே கிடையாது. பத்து ஆண்டு வக்கீல் தொழில் பார்த்திருந்தால் போதும் என்கிறது அரசியலமைப்பின் 217-ஆவது பிரிவு. ஆனால் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் உங்களைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கப்படுவதற்கு எந்தப் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறார்கள்?

கவனிக்கப்படாமல் போவது எப்படி என்பது உங்களுக்கே தெரியும். ராத்திரி உட்கார்ந்து மனுவை எழுதுவது ஜூனியர். காலையில் கேஸ் கட்டைச் சுமப்பதும் அவர்தான். வழக்கைக் கூப்பிடும்போது எழுந்து, "சீனியர் பக்கத்துக் கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும், கொஞ்சம் கழித்து எடுங்கள்" என்று கெஞ்சுவதும் அவர்தான். சீனியர் வந்து பேசுகிறார். தீர்ப்பு சட்ட இதழில் வெளியாகிறது, அதில் சீனியர் பெயர். பரிந்துரைக்கும் நேரத்தில் எத்தனை தீர்ப்புகளில் உங்கள் பெயர் இருக்கிறது, வருமானம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அப்பாவும் மாமாவும் வக்கீலாக இருக்கும் பிள்ளைக்கு அலுவலகம், கட்சிக்காரர், பெயர் மூன்றும் சேர்ந்தே வரும். மற்றவர்?

2018 முதல் 2023 ஜூலை நடுப்பகுதி வரை நியமிக்கப்பட்ட 604 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் 458 பேர் பொதுப்பிரிவினர், பட்டியலினத்தவர் 18, பழங்குடியினர் 9. நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. திறமை இருந்தால் பதவி தானாக வரும் என்றால், அது ஏன் சில வீடுகளுக்கு மட்டும் வழி தெரிந்து வருகிறது?

கீழமை நீதிமன்றக் கதவும் இப்போது கொஞ்சம் இறுகியிருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. அனுபவம் வேண்டும்தான், மறுக்கவில்லை. அந்த மூன்று ஆண்டும் வாடகையை யார் கொடுப்பது? ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. உங்கள் சீனியர் தருகிறாரா? பதில் எழுத வேண்டாம், தபால் செலவு மிச்சம்.

ஆகவே வழிகாட்டுதல் என்ற பெயரில் சால்வை போட்டு, குழுவாகப் படம் எடுத்து, "கடுமையாக உழையுங்கள்" என்று அறிவுரை சொல்லிக் கலைவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உழைப்பைப் பற்றி ஜூனியருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு வழக்கை முழுசாக அவரிடம் கொடுங்கள். வக்காலத்தில் அவர் பெயர் இருக்கட்டும், அவரே வாதாடட்டும், தடுமாறினால் பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுங்கள். அப்புறம் நீதிபதிகள் முன்னால் அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள். தாசில்தார் செய்தது இதைத்தான், அவருக்கு நீதித்துறையில் எந்தப் பதவியும் இல்லை.

இன்னொரு விஷயம் பாக்கி. மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சியைத் தமிழில் குறுக்கு விசாரணை செய்து வியர்க்கவைக்கிற வக்கீல், உயர் நீதிமன்றத்துக்கு வந்ததும் "மை லார்ட்" என்பதற்கு மேல் வாய் திறக்கத் தயங்குகிறார். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு எப்போதோ அனுமதி கிடைத்துவிட்டது. தமிழுக்கும் வேண்டும் என்று நம் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது 2006-இல். "மை லார்ட்" வேண்டாம் என்று வக்கீல்களுக்கான அமைப்பான இந்திய பார் கவுன்சில் தீர்மானித்ததும் அதே 2006-இல். தமிழ் உள்ளே வரவில்லை, லார்டு வெளியே போகவில்லை. இதை எழுதும்போதெல்லாம் ஒரு வாசகர் "மறுபடியுமா?" என்று கார்டு போடுவார்.

மறுபடியும்தான், ஐயா.