தாத்தா காலத்து நிலத்துக்கு மூலப்பத்திரம் கையில் இல்லை. ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்குமா?

தேடினால் நகல் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் அங்கே இல்லை. அதனால் யாரோ சொன்னார்கள் என்று நேரே சென்னை எழும்பூருக்கு ரயில் ஏறாதீர்கள். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருப்பவை அரசாங்கத்தின் கோப்புகள். உங்களுடையது இனாம் நிலமாக, அதாவது ஆட்சியாளர்கள் மானியமாக விட்ட நிலமாக, இருந்தால் அங்கே போகலாம். 1858-இல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேடுகளில், யாருக்கு எதற்காக நிலம் விடப்பட்டது என்று இருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு விற்ற கிரயப் பத்திரத்தை அங்கே தேடிப் பயனில்லை. அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில், சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1-ஆம் புத்தகத்தில் இருக்கும்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பட்டா பெரியப்பா வீட்டில் யார் பேரிலோ இருக்கிறது, பத்திரத்தைக் கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதே பதில்தான். கும்பகோணம் பக்கம் மூன்று மா நஞ்சை, இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒரு ஏக்கர். கொள்ளுத்தாத்தா சம்பாதித்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி மட்டும் "அது எங்கம்மா வாங்குன நிலம்டி" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் போன பிறகுதான் நான் தேட இறங்கினேன்.

முதல் சிக்கல் சர்வே எண். இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு பழைய புத்தகத்தில் எதையும் பிடிக்க முடியாது. ஊரின் நிலங்களை எண் வாரியாக எழுதிய கிராம 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு, அதாவது பழைய சர்வே எண்ணுக்கு, என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்தப் பதிவு அலுவலகத்தில் இருந்தது என்று விசாரியுங்கள். அலுவலகங்களைப் பிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு இப்போது ஓர் அலுவலகம், பழைய புத்தகங்கள் இருந்தது வேறோர் ஊரில். இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகு உள்ளவைதான் வரும். அதற்கு முன்னால் உள்ளதற்கு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, கையால்தான் தேட வேண்டும்.

அட்டவணை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ஆட்களின் பேரை வைத்து, இன்னொன்று சொத்தை வைத்து. எங்களுக்குத் தேடிக்கொடுத்தவர் கொள்ளுத்தாத்தா பேரில் பார்த்துவிட்டு, "இல்லைம்மா" என்று புத்தகத்தை மூடப் போனார். கொள்ளுப்பாட்டி பேரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "அந்தக் காலத்துல பொம்பளைங்க பேர்ல எங்கம்மா வாங்குவாங்க?" என்றார். ஆனாலும் பார்த்தார். இருந்தது. 1938, அவள் பேர், பக்கத்தில் 'இன்னார் பாரியாள்', அதாவது மனைவி, என்று கொள்ளுத்தாத்தா பேர். வாங்கியவர் பத்தியில் அவள் ஒருத்திதான்.

நகலை வாங்கி அந்த அலுவலகத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்தேன். வெகுதானிய வருஷம், கையால் எழுதிய கோணல் எழுத்து, நிறுத்தற்குறி ஒன்றுகூடக் கிடையாது. நடுவில் ஒரு வரி: தாங்கள் தங்கள் சீதன நகைகளை விற்றுக் கொடுத்த ரொக்கத்தை நான் பற்றிக்கொண்டபடியால். விற்றவர் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் இந்த விவரத்துக்குத் தேவையே இல்லை. பணம் பெற்றேன் என்று எழுதினால் போதும். கேட்டு எழுத வைத்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் இப்படி ஒரு பேச்சு வரும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நான்கெல்லையில் சொன்ன வாய்க்கால் இன்றைக்கும் வயலுக்கு வடக்கே அதே இடத்தில் ஓடுகிறது, ஆகவே வேறு நிலம் என்று யாரும் சொல்ல வழியில்லை.

அவள் பேர் எங்கே விழுந்துபோனது என்றும் பார்த்தேன். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், பட்டாக் கணக்குகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். என்பார்களே, அதில்தான். அதற்கு முந்தைய கணக்கில் அவள் பேர் இருக்கிறது, அதற்குப் பிறகு பாட்டியின் அண்ணன் பேர். இடையில் ஒரு பத்திரமும் இல்லை.

பங்கு கேட்கத்தானே இதையெல்லாம் தோண்டினாய் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நான் வழக்குப் போடவில்லை, போடும் எண்ணமும் இல்லை. போட்டிருந்தாலும் அதில் தப்பில்லை. பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது என்று எனக்கும் தெரியும், இத்தனை வருஷமாக நிலத்தை அனுபவித்து வருகிறோம் என்ற வாதமும் தெரியும். சட்டம் சொல்ல நான் வக்கீல் இல்லை. அவள் வாங்கியதை அவள் வாங்கினாள் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான் நான் கேட்டது. நகலைப் பிரதி எடுத்து மாமா வீடு உட்பட எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன்.

இதோடு சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போட்டார்கள். கல்யாணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு. நானும் தருகிறேன் என்றேன். "நீ வேற வீட்டுக்குப் போனவ, நன்கொடையா எழுதிக்கிறோம்" என்றார்கள். வரி என்றால் வாங்க மாட்டார்கள், நன்கொடை என்றால் வாங்குவார்கள். கல்வெட்டில் வரிக்காரர்கள் பேர் மட்டும்தான் வெட்டினார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவரா என்று கேட்டு நகல் தர மறுத்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். உயில் என்றால் அது 3-ஆம் புத்தகம், எழுதியவர் காலமான பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் தருவார்கள், அதனால் இறப்புச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய பத்திரத்தில் பசலி (வருவாய்த் துறைக் கணக்கு வருஷம்) போட்டிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1350 என்றால் 1940 ஜூலையில் தொடங்கும் வருஷம். அப்புறம், கிளம்புவதற்கு முன் வீட்டில் வயதான பெண் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசி, பாட்டி, கொள்ளுப்பாட்டி, வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், கட்டிக்கொடுத்தவர்கள் எல்லாருடைய முழுப் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா பேரில் ஒன்றும் இல்லை என்றால், அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொரு பேராகப் பார்க்கச் சொல்லுங்கள்.