வாசகர் கேள்வி–பதில்: மொட்டை மாடியில் ஏர் ரைபிள்

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): 4.5 மில்லிமீட்டர் துளையுள்ள ஸ்பிரிங் வகை ஏர் ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் கூர்முனை பெல்லட்டுகளைச் சிபாரிசு செய்தார். 10 மீட்டரில் அட்டையைச் சுட்டால் ஐந்து குண்டுகளும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. விலை உயர்ந்த வெளிநாட்டு பெல்லட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: விலையை மாற்றுவதற்கு முன் முனையை மாற்றிப் பாருங்கள். பெல்லட் என்பது நடுவில் ஒடுங்கி, பின்புறம் விரிந்து, உள்ளே குழிவாக அமைந்த ஈயத் துண்டு. சுடும்போது அழுத்தப்பட்ட காற்று அந்த மெல்லிய பின்விளிம்பை விரித்து, குழலின் உட்சுவரிலுள்ள சுருள் வரிகளோடு இறுக்கிப் பொருத்துவதால் காற்று கசியாமல் நிற்கிறது, பெல்லட்டும் சுழன்றபடி வெளியேறுகிறது. வெளியே வந்தபின் எடை முன்னாலும் காற்றின் இழுப்பு பின்னாலும் இருப்பதால், அது இறகுப்பந்தைப் போலத் தலையை முன்னே வைத்தபடி பறக்கிறது. ஆகவே தலை எவ்வளவு வட்டமாக இருக்கிறது, பின்விளிம்பு எவ்வளவு சீராக இருக்கிறது என்ற இரண்டும்தான் துல்லியத்தைத் தீர்மானிக்கின்றன. கூர்முனை வகையில் அந்த முனையை அச்சுக்கோட்டின் நடுவில் பிசகாமல் அமைப்பது கடினம். போதாக்குறைக்கு, டப்பாவுக்குள் குலுங்கும்போதே முனை மழுங்கிவிடுகிறது. கூர்மை என்ற சொல்லுக்கு விற்பனையில் உள்ள கவர்ச்சி, இலக்கு அட்டையில் இல்லை.

10 மீட்டருக்கு உரியது தட்டைத்தலை பெல்லட். அது காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டுவதால், குண்டு எந்த வளையத்தைத் தொட்டது என்று சந்தேகமின்றிச் சொல்ல முடியும். போட்டிகளில் அதையே பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம். உருண்டைத்தலை வகை காற்றை எளிதில் பிளந்து செல்வதால் 25 மீட்டருக்கும் அப்பால் அதன் அருமை தெரியும்; 10 மீட்டரிலும் அது மோசமில்லை, துளை மட்டும் சற்றுக் கிழிசலாக இருக்கும்.

அடுத்தது எடை. ஆர்.டபிள்யூ.எஸ். மைஸ்டர்குகெல்ன், எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ஆகிய இரு ஜெர்மன் பெல்லட்டுகளிலும் ரைபிளுக்கான வகை 0.53 கிராம். செக் நாட்டு ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் என்னும் உருண்டைத்தலை வகை ஏறத்தாழ 0.55 கிராம். இந்த எடைகளை ஒட்டியே தேடுங்கள். ஸ்பிரிங் ரைபிளில், ஸ்பிரிங்கால் தள்ளப்பட்டுக் காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது, அதற்கும் பெல்லட்டுக்கும் இடையில் அகப்பட்ட காற்றுதான் மெத்தையாக நின்று மோதலைத் தாங்குகிறது. மிக இலேசான உலோகக்கலவை பெல்லட் சீக்கிரமே நழுவிவிடுவதால் பிஸ்டன் கடைசி வரை சென்று இடிக்கிறது. பெல்லட்டே இல்லாமல் டிரிகரை அழுத்துவது இதன் உச்சம், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். மிகக் கனமான பெல்லட்டோ பிஸ்டனைப் பின்னோக்கித் துள்ள வைக்கிறது. விலை உயர்ந்த பெல்லட் உங்கள் குழலுக்குப் பொருந்தாமல் போகலாம், நடுத்தர விலையுள்ளது அழகாகப் பொருந்தலாம்.

இன்னொன்று. உள்ளங்கை அகலச் சிதறலுக்குப் பெல்லட் மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஸ்பிரிங் ரைபிள், பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே முன்னும் பின்னுமாக அசைகிறது. அதை இறுகப் பிடித்தால் பிடியின் இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறி, குறியும் மாறும். குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையை விரித்த உள்ளங்கையின் மேல் வெறுமனே ஓய்வாக வையுங்கள். விரல்களால் பற்ற வேண்டாம். மரத்தில் பொருத்தியுள்ள திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு வாசகர்): மூன்று நான்கு வகை பெல்லட் வாங்கி வைத்திருக்கிறேன். எது என் ரைபிளுக்கு ஏற்றது என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: மேசையின் மேல் மணல் நிரப்பிய சிறு பையை வைத்து, அதன் மேல் உங்கள் கையை வைத்து, கையின் மேல் ரைபிளைத் தாங்கிச் சுடுங்கள். வகை மாறும்போது முதல் ஐந்தாறு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; முந்தைய பெல்லட் குழலுக்குள் விட்டுச்சென்ற மெல்லிய ஈயப் படலம் மாறி நிலைகொள்ள அவ்வளவு தேவைப்படும். பிறகு ஒரே புள்ளியைக் குறிவைத்துப் பத்துக் குண்டுகள் சுட்டு, மிகவும் விலகிய இரு துளைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, அதிலிருந்து 4.5 மில்லிமீட்டரைக் கழியுங்கள். குண்டுகள் மையத்தில் விழுகின்றனவா என்பது இப்போது பொருட்டல்ல, அதை சைட்டை, அதாவது ரைபிளின் மேலுள்ள குறிகாட்டியை, திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். அவை ஒன்றாக விழுகின்றனவா என்பதே கேள்வி. ஐந்து குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழுவது அடிக்கடி நடக்கும் என்பதால், பலர் அந்த ஒரு அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது மூன்று அட்டைகளாவது சுட்டு, சராசரியைப் பாருங்கள்.

சில டப்பாக்களின் மூடியில் 4.49, 4.50, 4.51, 4.52 என்று தலையின் விட்டம் அச்சிடப்பட்டிருக்கும். இந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சில குழல்கள் உணர்கின்றன, சில உணர்வதில்லை. குழலில் வைக்கும்போது பெல்லட் தானாக விழுந்துவிடாமலும், கட்டைவிரலால் கடுமையாகத் தள்ள வேண்டியிராமலும் இருந்தால் அளவு ஏறத்தாழச் சரி. பெல்லட்டுகளைச் சட்டைப்பையில் கொட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்விளிம்பு நசுங்கிய பெல்லட் எந்த நிறுவனத்துடையதாயினும் நேராகப் போகாது.

கேள்வி (மதுரை வாசகர்): மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி அட்டையைப் பொருத்திச் சுடுகிறேன். சுவர் இருப்பதால் பாதுகாப்புதானே? வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: இல்லை, இந்த ஏற்பாட்டை இன்றே நிறுத்திவிடுங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேல் தப்பிப் போகும் பெல்லட் சில நூறு மீட்டர் வரை பறக்கக்கூடியது. அடுத்த தெருவின் மாடியில் துணி உலர்த்துபவருக்கு நீங்கள் சுடுவது தெரியாது. சுவரில் படும் பெல்லட்டோ சிமெண்டில் மோதித் திரும்பி வரும். உருண்டையான எஃகு பி.பி. குண்டுகள் ஈயம்போல் நசுங்காததால் சுட்டவரின் கண்ணுக்கே திரும்பும் அபாயம் இன்னும் அதிகம்.

அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். கனமான மரப்பெட்டியின் பின்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்து, அதற்கு முன்னால் பழைய செய்தித்தாள்களைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கனத்துக்கு இறுக்கமாக அடுக்குங்கள். நடுப்பகுதி குடைந்துபோனதும் மாற்றிவிடுங்கள். பெட்டியைத் தவறவிடும் குண்டுக்காக அதன் பின்னும் பக்கங்களிலும் தடித்த பிளைவுட் பலகை நிற்கட்டும். உயரே தப்பவே வழியில்லாதபடி, மாடியைவிடக் கூரையும் சுவரும் உள்ள இடமே நல்லது. இலக்குக்கு அருகில் கதவோ படிக்கட்டோ இருந்தால் அதை உள்ளிருந்து தாழிட்ட பிறகே ரைபிளைத் தொடுங்கள். சுடுபவரும் உடன் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டதால் ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெறும் இரும்புத் தகட்டில் மோதும் பெல்லட் பொடிப்பொடியாகத் தெறித்துத் தரையில் படியும். தவழ்ந்தும் தரையில் விளையாடியும் வளரும் பிள்ளைகளின் கைவழியாக அது வாய்க்குப் போகும். காகித அடுக்கு இந்தத் தூசியைப் பெருமளவு அடக்குகிறது. சுட்டு முடித்தபின் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியாக வையுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை எதையும் தின்னாதீர்கள். அடுத்து வைக்க வேண்டிய பெல்லட்டுகளை உதட்டில் கவ்விக்கொள்ளும் வழக்கம் பலரிடம் இருக்கிறது, பார்க்கும்போதே பதைக்கிறது.

கேள்வி (சேலம் வாசகர்): இதற்கு உரிமம் வேண்டுமா? விளம்பரத்தில் நொடிக்கு 300 மீட்டருக்கும் மேல் வேகம் என்று போட்டிருக்கிறார்கள்.

பதில்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் தேவை, ஆகவே 5.5 மில்லிமீட்டர் வகையை யாராவது உரிமமின்றித் தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். வாங்கும்போது அடையாளச் சான்றைக் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளியே கொண்டுபோனால் உறையில் மூடியே கொண்டுபோங்கள்.

ஆற்றலைக் கணக்கிடுவது எளிது: கிலோகிராமில் உள்ள எடையில் பாதியை, நொடிக்கு மீட்டர் கணக்கிலுள்ள வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 275 மீட்டரில் சென்றால் ஏறத்தாழ 20 ஜூல் ஆகிறது. விளம்பர வேகங்கள் பெரும்பாலும் மிக இலேசான பெல்லட்டைக் கொண்டு பெறப்பட்டவை. உலகப் போட்டிகளில் சுடும் ரைபிள்களில் அதே பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் செல்கிறது, அதாவது ஏழரை ஜூலை ஒட்டிய ஆற்றல். காகிதத்தைத் துளைக்க அதுவே தாராளம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): தோட்டத்துப் பழங்களை அணிலும் கிளியும் நாசமாக்குகின்றன. இதே ரைபிளால் விரட்டலாமா?

பதில்: கூடாது. கிளி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள பறவை. அதைச் சுடுவது குற்றம். அணிலின் மீதும் சுடாதீர்கள். பழங்களுக்கு வலை கட்டுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): ஸ்கோப் (தொலைநோக்கிக் குறிகாட்டி) பொருத்தினேன்; 10 மீட்டரில் அட்டை மங்கலாகத் தெரிகிறது. ஸ்கோப் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. வெடிமருந்து ரைபிள்களுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத் தூரத்துக்குக் குவிக்கப்பட்டவை. முன்கண்ணாடி வளையத்தைத் திருப்பி 10 மீட்டர் வரை குவிக்கக்கூடிய, ஸ்பிரிங் ரைபிளின் இருதிசை அதிர்வைத் தாங்கும் என்று குறிப்பிட்ட ஸ்கோப் வேண்டும். அதற்குச் செலவிடும் பணத்தில் நல்ல பெல்லட் பத்து டப்பா வாங்கி, திறந்த சைட்டிலேயே பழகலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி (கடலூர் வாசகர்): என் மகளுக்கு 14 வயது. போட்டியில் சுட விரும்புகிறாள். எங்கள் வீட்டுக் கூடம் 5 மீட்டருக்கு மேல் வராது. அட்டையைப் பாதி அளவில் அச்சிட்டுப் பழகினால் போதுமா?

பதில்: உங்கள் ஊரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். பாதி அளவு அட்டையில் ஒரு மயக்கம் இருக்கிறது. போட்டி அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்குரிய இடம் வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி, 4.5 மில்லிமீட்டர் துளையின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் நடு 2.5 மில்லிமீட்டர் வரை விலகலாம். 5 மீட்டரில் அட்டை பாதியானாலும் துளை பாதியாவதில்லை. நியாயமாக 1.25 மில்லிமீட்டர் விலகலுக்கே இடம் தர வேண்டிய அட்டை, கிட்டத்தட்ட 2.4 மில்லிமீட்டருக்கு இடம் தருகிறது. கூடத்தில் வரும் மதிப்பெண்ணை நம்பிப் போட்டிக்குப் போனால் மனம் உடையும். மதிப்பெண்ணைக் கூட்டாமல், துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுப் பயிற்சியில் நிற்கும் நிலை, மூச்சு, டிரிகரை உலுக்காமல் அழுத்துவது ஆகியவற்றைப் பெரும்பாலும் குண்டே இல்லாமல் பழகலாம். ஆனால் அதற்கென வெற்றுச்சுடுதல் வசதி உள்ள போட்டி ரைபிள் தேவை, ஸ்பிரிங் ரைபிளில் அதைச் செய்யக்கூடாது. போட்டி ரைபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். வளரும் முதுகெலும்பின் மேல் அதைத் தவறான நிலையில் தாங்கிப் பழகுவது பின்னாளில் வலியாக மாறும் என்பதால், சொந்தமாக ரைபிள் வாங்கும் முன் சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களிலுள்ள ரைபிள் கிளப் ஒன்றில் சேர்த்து, அங்குள்ள ரைபிளில் பயிற்சியாளர் முன்னிலையில் சில மாதங்கள் சுடவிடுங்கள். எந்த ரைபிள் அவள் தோளுக்குப் பொருந்துகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.