மாமா சொன்னார் என்பதற்காகச் சொரோரிட்டியா?

வணக்கம் அம்மா. மாடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வேதியியல் படிக்கும் உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "சொரோரிட்டியில் சேர்ந்தால்தான் அங்கே நாலு பேர் பழக்கம் கிடைக்கும், என் பெண் அப்படித்தான் வேலை வாங்கினாள்" என்று நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் அண்ணன் விடாமல் சொல்கிறார். சொரோரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் சேரும் சங்கம். மகளோ பார்ட்டி, கூட்டம் எல்லாம் ஒத்துவராது என்கிறாள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இதில் உங்கள் மகள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

முதலில் பணம். சேர்க்கைக் கட்டணம், செமஸ்டர் சந்தா, விழாக்கள், உடைகள் என்று ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும் வளாகங்கள் உண்டு. சில சொரோரிட்டிகளில் அந்தச் சங்கத்தின் வீட்டிலேயே ஓராண்டு தங்கியாக வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தக் காசு சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். கல்விக் கடனிலிருந்து ஒரு ரூபாய்கூட இதற்குப் போகக் கூடாது.

"சும்மா போய்ப் பார்க்கட்டுமே" என்கிறாராம் அண்ணன். பார்க்கலாம். ஆனால் புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சுற்றில் விருப்பப் பட்டியலில் கையெழுத்துப் போட்டபின் கிடைத்த இடத்தை மறுத்தால், அந்த வளாகத்தில் அதே சொரோரிட்டிக் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு எதிலும் சுமார் ஓராண்டுக்குச் சேர முடியாது.

அவளுக்குத் துணை வேண்டுமென்றால், பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது: தொழில்முறை ஃபிராடெர்னிட்டி, அதாவது ஒரே துறையில் படிப்பவர்கள் சேரும் மாணவர் சங்கம். ஆல்ஃபா கை சிக்மா என்பது வேதியியலும் அதைச் சார்ந்த துறைகளும் படிப்பவர்களுக்கானது. 1902இல் அது தொடங்கியதே உங்கள் மகள் படிக்கும் அதே மாடிசன் வளாகத்தில்தான்! ஆண், பெண் இருவரும் உறுப்பினர்கள். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களும் சேரலாம். எந்தப் பேராசிரியரின் ஆய்வகத்தில் இடம் இருக்கிறது, கரிம வேதியியல் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதெல்லாம் அந்த சீனியர்களிடம் பேச்சோடு பேச்சாகத் தெரியவரும். பல கிளைகள் ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லித் தருகின்றன, ஆய்வகத்தில் கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடிகளை விற்று நிதி திரட்டுகின்றன, பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளுக்குச் சோதனைகள் செய்து காட்டுகின்றன. அமெரிக்க வேதியியல் சங்கம் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் தூய வேதியியல் விருதுக்கு இன்று ஆதரவு தருவதும் இந்த அமைப்புதான். அண்ணன் சொல்லும் அந்த 'நாலு பேர்' இவளுக்கு இங்கேதான் கிடைப்பார்கள்.

தொழில்முறை என்ற பெயரை மட்டும் நம்பியும் விடாதீர்கள். 2018இல் சைரக்யூஸ் பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் இருந்த ஒரு பொறியியல் ஃபிராடெர்னிட்டியை, இனவெறி வீடியோ வெளிவந்ததும் நிரந்தரமாக வெளியேற்றியது. புதியவர்களை வதைக்கும் ராகிங் அமெரிக்க மாணவர் சங்கங்களிலும் உண்டு, உயிர்கள் போயிருக்கின்றன. 2024 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டப்படி, எந்த மாணவர் அமைப்பு ராகிங் விதிகளை மீறியது என்று பல்கலைக்கழகங்களே வெளியிட வேண்டும். மகளை அந்த அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தா எவ்வளவு என்பதையும் சேருமுன் எழுத்தில் வாங்கட்டும்.

அண்ணனிடம் நீங்களே பேசிவிடுங்கள். அவளைப் பேச வைக்காதீர்கள். ஒரு அறிமுகக் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு இதுவும் வேண்டாம் என்று அவள் சொன்னால், சரி என்று விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர முடியுமா என்று பேராசிரியர்களுக்கு எழுதட்டும். முதலாண்டிலேயே கேட்கலாம்.