கோல்ஃப் கேள்வி பதில்: முதல் பையில் எத்தனை மட்டை?

(பள்ளிப் பருவத்தில் கிண்டி பந்தய மைதானத்துக்குள் இருந்த கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாக இருந்தவர், இன்று புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சார், எனக்கு 34 வயது, ஐ.டி. வேலை. ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடலுக்கு)ப் போய்ப் பந்தடித்ததில் ஆசை பிடித்துக்கொண்டது. கடையில் 14 மட்டைகள் கொண்ட புது செட்டுக்கு ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தன் பழைய ‘பிளேடு’ அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட்டை 20,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஷாஃப்டில் (மட்டைத் தண்டில்) ‘ஸ்டிஃப்’ என்று எழுதியிருக்கிறது. எதை வாங்கலாம்?
– வேளச்சேரி வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. 14 என்பது விதி அனுமதிக்கிற உச்சவரம்பு. இத்தனை மட்டையாவது இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. உங்களுக்கு இப்போது தேவை ஒரு ஹாஃப் செட். ஏழாம் நம்பர் அயர்ன், ஒன்பதாம் நம்பர் அயர்ன், கிட்டத்தில் உயர்த்தி அடிக்கப் பிட்சிங் வெட்ஜ், மணற்குழிக்குச் சாண்ட் வெட்ஜ், தூரத்துக்கு ஒரு ஹைபிரிட், கிரீனில் (குழி இருக்கும் கட்டைப்புல் பரப்பில்) உருட்ட ஒரு பட்டர். ஆறு மட்டை போதும். அதிக தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவர் பிறகு வரட்டும்.

ஏன் டிரைவர் பிறகு என்றால், நீளம்தான் காரணம். ஏழாம் நம்பர் அயர்ன் ஏறக்குறைய 37 அங்குலம், டிரைவர் 45 அங்குலம். கைக்கும் பந்துக்கும் இடையே அந்த எட்டு அங்குலம் கூடும்போது, பந்தை மட்டை முகத்தின் நடுவில் சந்திப்பது பல மடங்கு கடினமாகிவிடும். டிரைவரில் முகச்சாய்வும் குறைவு, 9 முதல் 12 டிகிரிதான். சாய்வு குறையக் குறையப் பந்து பக்கவாட்டில் வளைவது கூடும். வந்த புதிதில் டிரைவரையே அடித்துக்கொண்டிருப்பவரின் பந்து வலது பக்க மரங்களைத் தேடிப் போவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

அந்த பிளேடு செட் விஷயத்துக்கு வருகிறேன். பிளேடு அயர்ன் பார்க்க அழகாகவே இருக்கும், மெல்லிய இரும்புத் தகடு மாதிரி. ஆனால் எடை முழுவதும் நடுவில் குவிந்திருப்பதால், பந்து அரை அங்குலம் தள்ளிப் பட்டாலும் முகம் கையிலேயே திரும்பிக்கொள்ளும். ‘கேவிட்டி பேக்’ அயர்னில் பின்பக்கம் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். நடு தவறினாலும் முகம் அவ்வளவு திரும்பாது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் என்பவர் 1959ல் தன் பட்டரில் எடையை இரண்டு ஓரங்களுக்கும் பிரித்து வைத்தார். ‘பிங்’ கம்பெனி அதிலிருந்து வந்ததுதான். அதே யோசனை அப்புறம் அயர்னுக்கும் வந்து, இன்று எல்லாக் கம்பெனிகளும் அதைத்தான் ஆரம்பக்காரர்களுக்குச் செய்கின்றன. உங்களுக்கு வேண்டியது கேவிட்டி பேக்.

‘ஸ்டிஃப்’ ஷாஃப்ட் விறைப்பானது, வேகமாகச் சுழற்றுபவர்களுக்கானது. உங்கள் வயதில் பெரும்பாலானவர்களுக்கு அதைவிட வளையும் ரெகுலர் சரியாக இருக்கும். ஆனால் ஒரு கம்பெனியின் ரெகுலரும் இன்னொரு கம்பெனியின் ரெகுலரும் ஒன்றல்ல. அதனால் எழுத்தை நம்பாமல், வாங்குமுன் பத்துப் பந்தாவது அடித்துப் பாருங்கள்.

கடைக்காரர், “இந்த ஏழாம் நம்பர் மற்றதைவிட இருபது கெஜம் கூடப் போகும்” என்பார். சாய்வு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். பழைய செட்டில் ஏழாம் நம்பர் 35 டிகிரி வாக்கில் இருக்கும். இன்றைய புது செட் பலவற்றில் அது 30க்கும் கீழே இறங்கிவிட்டது. அடியில் பொறித்த நம்பர் ஏழாக இருந்தாலும், கையில் இருப்பது பழைய கணக்கில் சாய்வு குறைந்த, தூரம் போகும் ஐந்தாம் நம்பர். தூரம் கூடியதற்குக் காரணம் அதுதான்.

பழைய செட்டாகவே தேடுங்கள், தாராளமாகக் கிடைக்கும். வாங்கும்போது முதலில் கிரிப்பை (ரப்பர் கைப்பிடியை)க் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். நம் ஊர் வெயிலில் கார் டிக்கியிலேயே கிடந்த மட்டையின் கிரிப் பளபளவென்று இறுகிப்போயிருக்கும், விரல் வழுக்கும். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கிரிப் மாற்ற மட்டைக்குச் சில நூறு ரூபாய்தான், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். அப்புறம் தலையை ஒரு கையிலும் ஷாஃப்டை மறு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். இணைப்பில் ஆட்டமோ ‘கடக்’ சத்தமோ இருந்தால் வைத்துவிடுங்கள். ஸ்டீல் ஷாஃப்டில் மேலோட்டமான துரு பரவாயில்லை, குழி விழுந்த துரு ஆகாது.

கடைசியாக முகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் ஈரத் துண்டால் அயர்னைத் துடைப்பது கேடியின் வேலை. அந்தத் துடைப்பில்தான் நான் ஆட்டக்காரர்களைப் படித்தேன். நன்றாக ஆடுபவரின் ஏழாம் நம்பரில், நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் இரும்பு தேய்ந்து வெளுத்திருக்கும். மற்ற இடம் புதுசு போலவே இருக்கும். புதியவரின் மட்டையில் நுனியில் ஒன்று, அடியில் ஒன்று, கழுத்தருகே ஒன்று என்று வடு முகமெங்கும் சிதறிக் கிடக்கும். அந்த வடு நடுவை நோக்கி நகர்வதற்குப் பெயர்தான் முன்னேற்றம். விலை எவ்வளவாக இருந்தாலும், பந்து நடுவில் படாத வரை ஒரு மட்டைக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சமாகும் பணத்தைப் பயிற்சியாளருக்கும் ரேஞ்ச் பந்துகளுக்கும் செலவழியுங்கள்.

கேடிகளாக இருந்த நாங்கள் பழகியது உறுப்பினர்கள் கழித்துப்போட்ட ஒற்றை அயர்னில். அதில்தான் உயர்த்தி அடிக்கவும், தாழ்த்தி அடிக்கவும், கிரீன் ஓரத்தில் உருட்டவும் கற்றோம். 1991ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்து வந்தவர். மட்டை குறைவாக இருந்தால் கை நிறையக் கற்கும் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 58. செட்டிபாளையம் மைதானத்தில் கற்றுவருகிறேன். கணவரின் பழைய ஸ்டீல் செட்தான் ஆடுகிறேன். பந்து தரையை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிறது. கோடையில் ஊட்டியில் ஆடியபோது மட்டும் கொஞ்சம் தூரம் போனது. என் உடம்புக்கு இந்த விளையாட்டு ஒத்துவராதோ என்று தோன்றுகிறது.
– கோவை வாசகி

பதில்: உங்கள் உடம்பில் குறை எதுவும் இல்லை. மட்டைதான் உங்களுடையது இல்லை. ஆண்களுக்கான ஸ்டீல் ஷாஃப்ட் ஒன்று 100 முதல் 130 கிராம் வரை இருக்கும். பெண்களுக்கான கிராஃபைட் ஷாஃப்ட் ஏறக்குறைய அதில் பாதி எடைதான். நீளமும் ஓர் அங்குலம் குறைவு. கனமான நீளமான மட்டையைச் சுழற்றும்போது பாதி வழியிலேயே கை தளர்ந்து, மட்டை பந்தின் தலையில் தட்டிவிட்டுப் போகும். பந்து உருண்டு ஓடும். நீங்கள் சொல்வது இதைத்தான்.

கிராஃபைட் ஷாஃப்டில், ‘லேடீஸ்’ வகையில், பழைய செட் ஒன்று பாருங்கள். நீண்ட அயர்ன்களைத் தொடவே வேண்டாம். அதற்குப் பதில் ஹைபிரிட் இரண்டு இருக்கட்டும். அதன் தலை அகலமாக, எடை கீழே தங்கியிருப்பதால் பந்து தானாக எழும்பும். டிரைவர் வாங்கினால் 12 டிகிரிக்குக் குறையாமல் வாங்குங்கள். புதிதாக எடுத்துக்கொண்டதும் முதல் வாரம் முழு ஸ்விங் வேண்டாம். இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை போதும்.

ஊட்டி மைதானம் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் பந்துக்குத் தடை குறைவு, எல்லோருக்கும் கொஞ்சம் கூடப் போகும். அங்கே கண்ட தூரத்தை வைத்து மட்டை தேர்வு செய்யாதீர்கள். செட்டிபாளையத்தில் என்ன போகிறதோ அதுதான் உங்கள் தூரம்.

பந்தை எழுப்ப வேண்டும் என்று கையால் கரண்டி மாதிரி அள்ளுவதையும் விட்டுவிடுங்கள். எழுப்புவது மட்டையின் சாய்வு செய்யும் வேலை. நீங்கள் முதலில் பந்தையும், பிறகு அதைத் தாண்டி இலக்குப் பக்கம் இருக்கும் புல்லையும் அடித்துக்கொண்டு போனால் போதும்.

கேள்வி: விலை உயர்ந்த பந்து வாங்கினால் ஆட்டம் முன்னேறுமா? குளத்தில் எடுத்த பழைய பந்துகளை மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா? கையுறை அவசியமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: விதிப்படி எந்தப் பந்தும் 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வித்தியாசம் உள்ளேயும் மேல்தோலிலும்தான். விலை உயர்ந்ததில் யூரித்தேன் தோல். கிரீன் அருகே வெட்ஜால் அடித்தால் சுழன்று சட்டென்று நிற்கும். அந்தச் சுழற்சியை உண்டாக்கத் தெரியாதவருக்கு அதனால் லாபமில்லை. இரண்டு அடுக்குப் பந்து மலிவு, தோலும் கெட்டி, வெட்டுப்படாது. அதில் ஒரே மாடலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு பந்து மாற்றினால் கிரீனில் எவ்வளவு தட்டினால் எவ்வளவு உருளும் என்று கைக்குப் பிடிபடாது. குளத்துப் பந்து பழகுவதற்கு நல்லதுதான், வாங்குங்கள்.

வலக்கைக்காரர் இடக்கையில் கையுறை போட வேண்டும். சென்னை வியர்வைக்கு இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரக் கையுறையைச் சுருட்டிப் பையில் திணித்தால் அடுத்த வாரம் அது அப்பளமாகிவிடும். விரித்துக் காயவையுங்கள்.

கேள்வி: சார், இரண்டு வருஷமாக நந்தனத்தில் ஆடுகிறேன். என் ஸ்கோர், அதாவது ஒரு சுற்றுக்கு அடிக்கும் ஸ்ட்ரோக், 112க்கும் 118க்கும் இடையிலேயே நிற்கிறது. புது டிரைவர் வாங்கியும் ஒரு ஸ்ட்ரோக்கூடக் குறையவில்லை. 100க்குள் வர என்ன வழி?
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: நீங்கள் டிரைவரில் தேடுகிற ஸ்ட்ரோக்குகள் அங்கே இல்லை. பார், அதாவது 18 ஹோலையும் முடிக்க வகுத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை, 72 என்ற கணக்கிலேயே 36 ஸ்ட்ரோக் கிரீனுக்கு ஒதுக்கப்பட்டது, ஹோலுக்கு இரண்டு பட் (பட்டரால் உருட்டும் அடி). அதாவது பாதி. ஒவ்வொரு ஹோலிலும் டபுள் போகி (பாரைவிட இரண்டு கூடுதல்) ஆடினால் 108. போகி (ஒன்று கூடுதல்) ஆடினால் 90. ஆக, எட்டே எட்டு ஹோலில் டபுளைப் போகியாக மாற்றிவிட்டால், மற்றவை டபுளாக இருந்தாலும் 100 வந்துவிடும். ஒன்பது என்றால் 99.

அடுத்த சில ஆட்டங்களுக்கு ஸ்கோர் கார்டின் ஓரத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: எத்தனை பட், எத்தனை அபராதம், கிரீனுக்கு ஐம்பது கெஜத்துக்குள் வந்த பிறகு பந்தைக் கிரீனில் ஏற்ற எத்தனை ஷாட். எங்கே கசிகிறது என்று கார்டே காட்டிவிடும். உங்கள் ஸ்கோரில் ஆடுபவர்களிடம் நான் பெரும்பாலும் பார்ப்பது மூன்று பட், எல்லைக்கு வெளியே போகும் டிரைவ், கிரீன் ஓரத்திலேயே இரண்டு முறை மண்ணை அடிப்பது. எல்லை தாண்டினால் அபராதம் ஒன்று, அதோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். டீயிலிருந்து (ஹோல் தொடங்கும் இடத்திலிருந்து) அடிக்கும் அடுத்த பந்து மூன்றாவது ஸ்ட்ரோக். இரண்டு பக்கமும் மரம் நெருக்கும் ஹோலில் ஹைபிரிட்டை எடுத்தால் முப்பது கெஜம் குறையும், ஆனால் பந்து கண்ணெதிரில் கிடக்கும்.

கிரீன் ஓரத்தில் பந்தைத் தூக்கிப் போடுவதை நிறுத்துங்கள். ஒன்பதாம் நம்பரைப் பட்டர் மாதிரி பிடித்து, பந்தை வலது காலுக்கு எதிரே வைத்து, மணிக்கட்டை மடக்காமல் தட்டுங்கள். கொஞ்சம் பறந்து, நிறைய உருளும். பார்க்கப் பெரிதாக இருக்காது, ஆனால் எனக்குத் தெரிந்தவரை ஸ்கோரை இவ்வளவு சீக்கிரம் குறைக்கும் ஷாட் வேறில்லை.

வீட்டில் ஜமுக்காளத்தை விரித்து நான்கடி தள்ளி ஒரு சில்வர் டம்ளரைப் படுக்கவையுங்கள். ஹோலின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளர் வாய் அதைவிடச் சிறிது. அதில் பந்து போகப் பழகினால் மைதானத்தில் நான்கடி பட் பயமுறுத்தாது. ரேஞ்சில், வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மட்டை முகத்தைப் பார்க்க வைத்து அடியுங்கள். எங்கே பட்டது என்று மையாகப் பதியும். துடைத்துவிட்டு அடுத்ததை அடியுங்கள். பக்கெட்டில் பாதியை இப்படி ஏழாம் நம்பரில் செலவழியுங்கள். ரேஞ்ச் பந்து வேறு ரகம், அதில் தூரத்தை அளக்க வேண்டாம்.

இன்னொன்று, ஹேண்டிகேப் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண் அது, குறையக் குறைய நல்லது. 2020ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உச்சவரம்பு 54, அதனால் தகுதி இல்லையென்று யாரும் தயங்க வேண்டாம். 54 ஹோல் கார்டு கொடுத்தால் ஆரம்பிக்கலாம். கடைசி 20 சுற்றில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு நாள் மோசமாக ஆடினால் அது உங்களை இழுத்துவிடாது. மூன்று மாதத்தில் 34 என்பது 31 ஆனால், நீங்கள் உண்மையாகவே முன்னேறியிருக்கிறீர்கள். அன்றன்றைய ஸ்கோரில் அது தெரியாது.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. என் பழைய அயர்ன்களை அறுத்துக் கொடுத்துவிடலாமா?
– கொட்டிவாக்கம் வாசகர்

பதில்: வேண்டாம். ஷாஃப்டை அறுத்தால் அது இன்னும் விறைப்பாகும், தலையின் எடையோ அப்படியே இருக்கும். குழந்தை தூக்க முடியாமல் முதுகை வளைத்துச் சுழற்றும், அந்தப் பழக்கம் நிலைத்துவிடும். ஜூனியர் மட்டைகளை வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். ஓர் அயர்ன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர் போதும். வளர்ந்துவிட்டால் அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த அளவை, அதுவும் பழையதாகவே, வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் ரேஞ்சுக்கு அழைத்துப் போகாமல் கிரீனுக்கு அழைத்துப் போங்கள். பந்து குழியில் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டால், மற்றதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அவளே கேட்பாள்.