குமிழி நிறைய, ஆக்சிஜன் குறைவு ஏன்?

கேள்வி: மீன் தொட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்தேன். அன்றிலிருந்து ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக விடும் கல்) குமிழிகள் பொடிப்பொடியாக நிறைய வருகின்றன, ஆனால் மெதுவாகத்தான் ஏறுகின்றன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. குமிழி நிறைய இருந்தால் காற்றும் நிறையக் கரைய வேண்டாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் மீன்களை வேறு தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீராக இருந்தால் நல்லது. சோப்பு செவுளையே கெடுக்கும்.

நான் பல வருடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவன். துணி துவைத்த தண்ணீர் மொத்தமாக வரும் நாளில் தொட்டி நுரைத்துப் பொங்கும். காற்றை ஊதும் புளோயர் எப்போதும்போல ஓடும். ஆக்சிஜன் மீட்டர் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அழுக்கும் ஒரு காரணம்தான். ஆனால் சோப்பு குமிழிக்குச் செய்யும் வேலையும் சின்னதல்ல.

சுத்தமான நீரில் குமிழி ஏறும்போது அதன் மேல்பரப்பும் தண்ணீரோடு சேர்ந்து கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். சோப்பு மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் அவற்றைக் குமிழியின் அடிப்பக்கம் தள்ளிச் சேர்க்கும். அடியில் பரப்பு இழுவிசை (பரப்பைத் தோல் மாதிரி இழுத்துப் பிடிக்கும் விசை) குறைந்து, உச்சியில் கூடுதலாகவே இருக்கும். கூடுதல் உள்ள பக்கம் பரப்பை மேலே இழுக்க, வழுக்கல் நின்றுபோகும். அப்புறம் அது குமிழியே அல்ல, கெட்டியான மணி மாதிரிதான். மிகச் சிறிய சுத்தமான குமிழி, அதே அளவு கெட்டி மணியைவிட ஒன்றரை மடங்கு வேகமாக ஏறும் என்று 1911-லேயே ஆடமார், ரிப்சின்ஸ்கி என்ற இரண்டு அறிஞர்கள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போதாததற்கு உங்கள் குமிழிகள் அளவிலும் சிறுத்துவிட்டன, அதனாலும் வேகம் குறைகிறது.

பரப்பு வழுக்கும்போது புதுத் தண்ணீர் வந்து வந்து குமிழியைத் தொடும், ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போகும். வழுக்கல் நின்றால், ஏற்கெனவே வாங்கி நிறைந்த தண்ணீரே ஒட்டிக்கொண்டு நிற்கும். பொடிக் குமிழிகளால் மொத்தப் பரப்பு கூடுவதும், மெதுவாக ஏறி அதிக நேரம் நீருக்குள் இருப்பதும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழிவுநீர்த் தொட்டிகளில் நஷ்டம் அதைத் தாண்டிவிடும். சுத்த நீரில் கரைவதில் பாதி அளவுக்குக்கூட இறங்குவதுண்டு.

பழைய ஃபில்டர் பஞ்சைத் தூக்கிப் போடுங்கள், சோப்பை விடாது. தொட்டியை வெறும் தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி பிடித்துக் குலுக்குங்கள். நுரை உடனே அடங்கினால் மீனை விடலாம். ஓரத்தில் வளையமாக நின்றால் இன்னொரு முறை அலச வேண்டும்.